எண்ணெய்க் கிண்ணமும் மருந்துப் புட்டியும்

1868-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரத்து ஓல்டு பெய்லி நீதிமன்றம். கொலைகாரரும் கொள்ளைக்காரரும் நின்று நின்று தேய்ந்த குற்றவாளிக் கூண்டிலே அன்று நின்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கத்தி எடுத்தவர்கள் அல்லர். நஞ்சு கலந்தவர்கள் அல்லர். பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டவர்களும் அல்லர். பதினான்கு திங்களே நிரம்பிய தம் பெண் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் அவர்கள். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றமோ, அந்தக் குழந்தையின் சாவுக்கு அவர்களே காரணம் என்பது!

குழந்தைக்கு நுரையீரலில் அழற்சி கண்டது. பெற்றோர் பேணினர், உணவூட்டினர், அருகிருந்து காத்தனர். சபையின் மூப்பர்கள் வந்தனர். குழந்தையின்மீது கைவைத்து, எண்ணெய் பூசி, கர்த்தரின் பெயரால் மன்றாடினர். எல்லாம் நடந்தது, ஒன்று மட்டும் நடக்கவில்லை. மருத்துவர் அழைக்கப்படவில்லை. மறதியாலா? இல்லை. வெறுப்பாலா? அதுவும் இல்லை. மருத்துவரை அழைப்பது ஆண்டவனை நம்பாமைக்கு அடையாளம் என்று அவர்கள் உளமார எண்ணினர். அந்த எண்ணத்துக்கு விலையாகக் குழந்தை மாண்டது.

இவர்கள் குற்றவாளிகளா? அன்பில்லாத பெற்றோரா? அல்லது அன்பிருந்தும் அறிவின் வாயில் அடைக்கப்பட்டுப்போன அப்பாவிகளா? இந்தக் கேள்விக்கு விடை காண இங்கிலாந்துக்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த முப்பதாண்டு வரலாற்றைப் பகுத்தறிவுப் பாதையில் நடைபோட விழையும் ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருத்தல் வேண்டும்.

தனி மக்கள்

அந்தப் பெற்றோர் சார்ந்திருந்த சபைக்குப் 'பெக்யூலியர் பீப்பிள்' என்று பெயர். 'ஆண்டவன் தனக்கெனத் தெரிந்தெடுத்த தனி மக்கள்' என்னும் பொருளில், வேதநூலிலிருந்து அவர்கள் எடுத்துச் சூட்டிக்கொண்ட பெயர் அது. ஆனால் ஆங்கில நாட்டுத் தெருவிலே அச்சொல்லுக்கு 'விந்தையான பேர்வழிகள்' என்றும் பொருள் உண்டு. சபையார் ஒரு பொருளில் பெருமைப்பட்டனர். ஊரார் மறுபொருளில் நகைத்தனர்.

இச்சபையைத் தோற்றுவித்தவர் ஜேம்ஸ் பேன்யார்டு. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு என்னும் சிற்றூரினர். குடியிலே மூழ்கிக் கிடந்து, பின் மனம் திருந்தி, வெஸ்லியன் சபைச் சொற்பொழிவாளராகி, 1838-இல் தனிச் சபை கண்டவர். அவரைப் பின்பற்றியவர்கள் யார்? பிரபுக்களா? பேராசிரியர்களா? எஸ்ஸெக்ஸ் வயல்களிலே கூலிக்கு உழைத்து உருக்குலைந்த எளிய மக்களே பெரும்பாலோர். நோய் வந்தால் மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் ஏது? வேண்டுதலுக்கோ காசு தேவையில்லை. மூப்பர் வருவார், தோளிலே கை வைப்பார், உன்னோடு நாங்கள் இருக்கிறோம் என்பார். வறுமையிலே வாடுபவனுக்கு அந்த ஒரு சொல்லே அரை மருந்து. வறுமை உழுத நிலத்திலேதான் இந்த நம்பிக்கை வேரூன்றியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அவர்கள் காட்டிய ஆதாரம், புதிய ஏற்பாட்டிலே யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். நோயுற்றவன் சபை மூப்பரை வரவழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி வேண்டிக்கொள்ள வேண்டும். நம்பிக்கையோடு கூடிய வேண்டுதல் நோயாளியைக் காக்கும் என்பது அதன் கருத்து. மருத்துவரை அழைக்காதே என்று அந்த அதிகாரம் எங்கும் கூறவில்லை. அதே புதிய ஏற்பாட்டில், கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலே, லூக்கா என்பார் அன்புக்குரிய மருத்துவர் என்று குறிக்கப்படுகிறார். ஆனால் ஓர் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மறு அதிகாரத்தைக் கைநழுவ விடுவது மதவாதிகளின் பழைய வழக்கம் அன்றோ!

நிறுவியவரின் வீட்டிலே...

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை காட்டுகிறது. வேடிக்கை என்பதைவிட வேதனை என்பதே பொருந்தும். 1850-களின் நடுவிலே பேன்யார்டின் சொந்த மகன் நோயுற்றான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய்க் கிண்ணம் ஏந்திச் சென்ற அந்தத் தந்தை, தன் பிள்ளை துடித்தபோது மருத்துவரை அழைத்தார்.

இரட்டை வேடம் என்று இதை எள்ளி நகையாடத் தோன்றும். நாம் அவ்வாறு செய்யோம். தான் கட்டிய கோட்பாட்டைவிடத் தன் பிள்ளையின் உயிர் பெரிது என்று ஒரு மனிதன் உணர்ந்த நாள் அது. பகுத்தறிவு பலருக்கு நூலகத்தில் பிறப்பதில்லை. நோயாளியின் கட்டிலருகே பிறக்கிறது. ஆனால் சபையார் பொறுத்தனரா? தலைவர் நம்பிக்கை இழந்தார் என்றனர். தலைமை அவர் கையைவிட்டுப் போயிற்று. சாமுவேல் ஹாராடு என்பார் அவ்விடத்துக்கு வந்தார். நிறுவியவர் திருந்தினாலும் நிறுவனம் திருந்தவில்லை! மூடநம்பிக்கை ஒருமுறை அமைப்பாகிவிட்டால், அதை ஏற்படுத்தியவனுக்கே அதை நிறுத்தும் ஆற்றல் இருப்பதில்லை.

மூன்று வழக்குகள்

ஓல்டு பெய்லிக்குத் திரும்புவோம். வாக்ஸ்டாஃப் வழக்கு என்று சட்ட நூல்களில் இடம்பெற்ற அந்த வழக்கிலே நீதிபதி வில்ஸ், நோய்க்கு எது தக்க முறை என்பதிலே மனிதரின் கருத்து காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது என்பதை ஜூரிகளுக்கு எடுத்துக்காட்டினார். உண்மையான நம்பிக்கையோடு செய்ததைக் கொடிய அலட்சியம் என்று கூறலாமா என்று எண்ணிப் பார்க்கச் செய்தார். பெற்றோர் விடுதலை பெற்றனர்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். 1868-இல் மருத்துவமும் முழு வளர்ச்சி பெற்றதாக இல்லை. அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சச் செய்த பழக்கம் அப்போதும் முற்றாக ஒழிந்தபாடில்லை. நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்ற உண்மை அப்போதுதான் ஆய்வுக்கூடங்களிலே அரும்பிக்கொண்டிருந்தது. ஆகவே நீதிபதியின் ஐயம் வெறும் ஐயம் அன்று. ஆனால் மருத்துவத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மருத்துவம் தன் தவற்றைக் கண்டது, திருத்திற்று, வளர்ந்தது. எண்ணெய்க் கிண்ணம் மட்டும் யாக்கோபின் காலத்தில் இருந்தபடியே இருந்தது.

அதே 1868-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் ஏழையர் சட்டத்தைத் திருத்திற்று. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருத்துவ உதவியையும் பெற்றோர் வேண்டுமென்றே அளிக்காதிருந்து, அதனால் அக்குழந்தையின் உடல்நலம் கெட்டால் அது குற்றம் என்றது. சோற்றோடும் துணியோடும் ஒரே வரிசையிலே மருந்தும் வந்து அமர்ந்தது! எளிய சட்டவரி, ஆயினும் அதன் பொருள் பெரிது. குழந்தை என்பது பெற்றோரின் உடைமை அன்று, அதற்கென ஓர் உரிமை உண்டு என்ற எண்ணத்தின் வித்து அதிலே கிடந்தது.

அடுத்து 1875-இல் டவுன்ஸ் வழக்கு. அதே சபை, அதே எண்ணெய், மீண்டும் ஒரு பச்சிளங் குழந்தையின் சாவு. இம்முறை நீதிமன்றம், பாராளுமன்றச் சட்டம் கடமையைத் தெளிவாக வகுத்துவிட்ட பின்பு நம்பிக்கை என்னும் திரைக்குப் பின்னே ஒளிய இயலாது என்று கூறித் தண்டனைத் தீர்ப்பை உறுதி செய்தது.

மூன்றாவது, சீனியர் வழக்கு. 1898 டிசம்பரில் தீர்ப்பாகி, 1899-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிலே பதிவானது. எட்டு ஒன்பது திங்கள் குழந்தை வயிற்றுப்போக்காலும் நுரையீரல் அழற்சியாலும் மாண்டது. தந்தை நல்லவர், பிற எல்லா வகையிலும் குழந்தையைப் பேணியவர், மருத்துவரை மட்டும் அழைக்க மறுத்தவர். தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு, 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்கு, தற்செயலாகவோ மறதியாலோ அன்றி மனமறிந்து செய்வது என்று பொருள் கண்டார். ஏழையினும் ஏழைக்கும் மருத்துவ உதவி எட்டும் நிலை வந்துவிட்ட இந்நாளில், சாகக் கிடக்கும் குழந்தைக்கு அதை அளிக்காமை புறக்கணிப்பே ஆகும் என்ற கருத்தையும் வெளியிட்டார். தந்தையின் நல்லெண்ணம் குழந்தையின் உயிருக்கு ஈடாகாது என்பது இவ்வாறு சட்டமாயிற்று.

1868-இல் விடுதலை, 1898-இல் தண்டனை. இடையிலே நிகழ்ந்தது என்ன? கோக் காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்தார். லோஃப்லர் 1884-இல் தொண்டை அடைப்பானாகிய டிப்தீரியாவின் கிருமியைப் பிரித்தெடுத்தார். பேரிங்கும் கிட்டசாட்டோவும் 1890-இல் நச்சுமுறி மருந்துக்கு வழிகண்டனர். பாரிஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையிலே ரூ என்பார் 1894-இல் அதைப் பயன்படுத்தியபோது, டிப்தீரியாவால் மாண்ட குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அறிவு வளர்ந்தது, அதனோடு மனிதனின் பொறுப்பும் வளர்ந்தது. தெரியாதபோது செய்யாதிருப்பது அறியாமை. தெரிந்தபின் செய்யாதிருப்பது?

1910-ஆம் ஆண்டு எஸ்ஸெக்ஸ் மாவட்டத்திலே டிப்தீரியா பரவிற்று. அதற்கு மருந்து இருந்தது. ஆனால் தனி மக்களின் இல்லங்களிலே குழந்தைகள் மாண்டன. பெற்றோர் சிலர் சிறை புகுந்தனர். சபை இரண்டாகப் பிளந்தது. மருத்துவரை அறவே மறுத்தவர் பழைய பிரிவினர். அரைமனத்தோடேனும் ஏற்றவர் புதிய பிரிவினர். 1930-களில் இரு பிரிவும் மீண்டும் இணைந்தபோது வென்றது புதியவர்களின் கருத்தே. 1956-இல் சபை தன் பழம்பெயரையும் விட்டு, 'சுவிசேஷ சபைகளின் ஒன்றியம்' எனப் பெயர் பூண்டது. அவர்கள் இன்னமும் வேண்டுகிறார்கள், ஆண்டவனை மறந்துவிடவில்லை. மருத்துவரையும் அழைக்கிறார்கள், அவ்வளவே. பேன்யார்டு அன்று தன் மகனுக்குச் செய்ததை, முக்கால் நூற்றாண்டு கடந்து சபை முழுவதும் ஏற்றது!

எண்ணிப் பார்த்தவர்கள்

வேண்டுதல் நோயைத் தீர்க்கும் என்றால் அதைக் கணக்கிட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டவரும் அக்காலத்திலேயே இருந்தார். பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் 1872-இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். இங்கிலாந்திலே ஞாயிறுதோறும் கோயில்கள்தோறும் அரச குடும்பத்தாரின் நீண்ட வாழ்வுக்காக வேண்டுகிறார்களே, அவ்வாறாயின் நாட்டிலேயே நீண்ட ஆயுள் அவர்களுக்குத்தானே இருத்தல் வேண்டும் என்று வினவினார். கணக்கெடுத்தார். அரச குடும்பத்து ஆடவரின் சராசரி வயது 64. வழக்கறிஞருக்கு 68, நிலக்கிழார்களுக்கு 70. வசதி படைத்த வகுப்பாருள் மிகக் குறைந்த ஆயுள், நாடே வேண்டிக்கொண்ட அரச குடும்பத்துக்கே! கால்ட்டனின் கணக்கிலே குறை காண்பவர் காணலாம். ஆயின் 'நம்பு' என்று கட்டளையிட்ட இடத்திலே 'எண்ணிப் பார்' என்று சொன்னாரே, அது பெரும் புரட்சி.

நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து அந்த எண்ணிக்கை இன்னும் செம்மையாக நடந்தது. அமெரிக்காவிலே ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். தமக்காக வேண்டுதல் நடக்கிறதா இல்லையா என்று அறியாதவர்கள் இரு பிரிவினர். அவருள் ஒரு பிரிவுக்கு மட்டும் வேண்டுதல் நடந்தது. மூன்றாம் பிரிவினரிடம் உங்களுக்காக வேண்டுகிறோம் என்று சொல்லியே வேண்டினர். 2006-இல் வெளியான முடிவு இது: வேண்டுதல் பெற்றவருள் 52 விழுக்காட்டினருக்குச் சிக்கல், பெறாதவருள் 51 விழுக்காடு, பெறுகிறோம் என்று அறிந்தவருள் 59 விழுக்காடு! ஆய்வை நடத்திய குழுவின் தலைவர் ஹெர்பர்ட் பென்சன், மனத்தின் அமைதி உடலுக்கு நலம் தரும் என்று எழுதிவந்த மருத்துவர். பணம் அளித்த டெம்பிள்டன் அறநிலையமும் மதத்துக்குப் பகையான நிறுவனம் அன்று.

எனில், வேண்டியபின் நலம் பெற்றோம் என்பவர்கள் பொய்யரா? அல்லர். காய்ச்சல் பலவும் தாமே வந்து தாமே போகும். தலைவலியும் மனச்சோர்வும் அன்பான சொல்லுக்கு இளகும். நலம் பெற்றவன் மேடையேறிச் சாட்சி சொல்கிறான். அவன் குரல் ஊரெங்கும் கேட்கிறது. கல்லறையில் கிடப்பவன் சாட்சி சொல்ல வருவதில்லை. பிழைத்தவர் பெயர் மட்டும் எழுதப்பட்ட கணக்கேட்டைக் காட்டி இலாபம் என்று கூறும் கடைக்காரனை நாம் நம்புவோமா?

கடலுக்கு அப்பால்

இங்கிலாந்து கற்ற பாடத்தை அமெரிக்கா ஏட்டிலே ஏற்றது, நடப்பிலே தடுமாறிற்று. 1944-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெற்றோர் தம் மதத்துக்காகத் தாம் தியாகிகளாகலாம், தம் குழந்தைகளைத் தியாகிகளாக்க உரிமை இல்லை என்ற கருத்துப்படத் தீர்ப்புரைத்தது. ஆயினும் மேரி பேக்கர் எட்டி 1879-இல் நிறுவிய 'கிறிஸ்தவ விஞ்ஞான' சபை, நோய் என்பதே மெய்யன்று, வேண்டுதலே மருந்து என்று போதித்துச் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1974-இல், குழந்தை நலத்துக்கு நடுவண் அரசின் பணம் வேண்டுமானால், மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கும் பெற்றோருக்கு மாநிலங்கள் விலக்கு அளிக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. குழந்தையைக் காக்கும் சட்டத்திலேயே குழந்தையைக் கைவிடும் ஓட்டை! 1983-இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பெரும்பாலான மாநிலங்களின் சட்டப் புத்தகங்களிலே அது குடிபுகுந்துவிட்டது.

அதன் விலை என்ன? சேத் ஆசர், ரீட்டா ஸ்வான் என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 1975 முதல் 1995 வரை மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு மாண்ட குழந்தைகளாக அவர்கள் ஆராய்ந்தவர் 172 பேர். இவருள் 140 பேர், மருத்துவம் கிடைத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கக்கூடிய நோயால் மாண்டவர்கள். நுரையீரல் அழற்சி, நீரிழிவு, குடல்வால் அழற்சி, மூளையுறைக் காய்ச்சல் எனப் பட்டியல் நீள்கிறது. இதை எழுதிய ரீட்டா ஸ்வான் யார்? நாத்திகக் கழகத்தின் தலைவியா? அல்லர். அவரே கிறிஸ்தவ விஞ்ஞான சபையில் இருந்தவர். சபையின் சொல்லை நம்பி வேண்டுதலை நாடி, 1977-இல் ஒன்றரை வயதும் நிரம்பாத தம் மகனை மூளையுறைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாய். வெளியேறினார்; பிறர் குழந்தைகளுக்காக வாழ்நாளெல்லாம் போராடினார். ஓரிகன் மாநிலம் 2011-இல் தன் விலக்குகளை முற்றாக நீக்கிற்று. நீக்காத மாநிலங்கள் இன்னமும் உள்ளன.

ஒரே வேதநூல், இரு பாதை

இவ்வளவும் கூறக் கேட்டு, கிறிஸ்தவம் என்றாலே மருத்துவத்துக்கு எதிர் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. அது உண்மைக்கு மாறு. எஸ்ஸெக்ஸ் மூப்பர்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு நடந்த அதே 1860-களில், அதே வேதநூலைக் கையிலேந்திய மற்றொரு கிறிஸ்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அவர் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர், 1847-இல் வந்தவர். நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். தமிழ் மாணவர்களை மருத்துவராக்கினார். அதையும் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872-இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அந்த உழைப்பின் சின்னம். தமிழிலே அறிவியல் முடியாது என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை தந்தவர் அவர்!

கிரீனும் இறைவனை வேண்டியவரே. வேண்டினார், ஆனால் நோயாளிக்கு முன் நின்றபோது அவர் கையிலே மருந்துப் புட்டி இருந்தது. எஸ்ஸெக்ஸ் மூப்பரும் வேண்டினார். அவர் மருந்துப் புட்டியைத் தட்டிவிட்டார். நூல் ஒன்று, நம்பிக்கை ஒன்று, பாதை இரண்டு. ஒரு பாதை மருத்துவமனையில் முடிந்தது. மறுபாதை சிறு கல்லறையில் முடிந்தது.

நம் கடமை

வளர்ந்த ஒருவன் தன் நோய்க்கு மருந்து வேண்டாம் என்றால், அது அவன் உயிர். அவனோடு வாதாடலாம், கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் பதினான்கு திங்கள் குழந்தை எந்த மதத்தைத் தேர்ந்தெடுத்தது? எந்த அதிகாரத்தைப் படித்தது? எந்த மூப்பரிடம், எனக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிற்று? நம்பியவர் ஒருவர், மாண்டவர் மற்றொருவர் என்றால் அதற்குப் பெயர் பக்தியா?

நண்பர்களே! நோயுற்ற பிள்ளையை மடியில் கிடத்தி, கண்மூடி, கைகூப்பி ஒரு தாய் மன்றாடிக்கொண்டிருக்கும் இல்லத்திற்குள் நீங்கள் நுழைய நேர்ந்தால், அவளை எள்ளி நகையாடாதீர்கள். அவள் நம்பிக்கையோடு வாதாடவும் அது வேளை அன்று. "அம்மா, வேண்டிக்கொண்டே வாருங்கள், மருத்துவமனைக்குப் போகலாம், வண்டி வெளியே நிற்கிறது" என்று சொல்லுங்கள். பிள்ளை பிழைத்தெழுந்தபின், ஆண்டவனாலா மருந்தாலா என்று ஆற அமர விவாதிக்கலாம். விவாதிக்க அப்போது காலம் இருக்கும். அந்தப் பிள்ளையும் இருக்கும்!